டெயில் லைட்டுக்குள் தண்ணீர்: ஒட்டுவதா, ஓட்டை போடுவதா, மாற்றுவதா?

மழை பெய்த மறுநாள் காலையில் டெயில் லைட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருந்தால், பலர் முதலில் கையில் எடுப்பது சிலிக்கான் ட்யூப். கண்ணில் படும் விளிம்பு, துளை எல்லாவற்றிலும் பூசி அடைத்துவிடுவார்கள். அதனாலேயே ஈரம் உள்ளே குடியிருந்துவிடுவதும் உண்டு. எந்த வழி சரி என்று ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: உள்ளே இருப்பது ஆவியா, தண்ணீரா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். விளக்குக்குள் 3 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அதிலுள்ள ஈரம் 0.1 கிராமைத் தாண்டாது, அதாவது இரண்டு சொட்டு. மெல்லிய படலமாக வந்து, வெயில் ஏறியதும் தானாக மறைந்தால் அது காற்றோடு வந்த ஈரம்தான். அடியில் தேங்கி, வண்டி வளைவில் திரும்பும்போது தளும்பினால் அது தண்ணீராகவே எங்கோ ஒரு வழியில் புகுந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஆவி வருவது பெரும்பாலும் கோளாறே இல்லை. விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், அணைந்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். இதற்காகவே விளக்கின் பின்பக்கம் காற்றுத் துளை வைத்திருப்பார்கள். வளைந்த ரப்பர் குழாயாகவோ, காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் வட்டச் சவ்வாகவோ அது இருக்கும். பழைய 21 வாட் பிரேக் பல்பு தன் சூட்டிலேயே லென்ஸைக் காய வைத்துவிடும். எல்இடியில் சூடு பெரும்பாலும் பின்பக்கமே போய்விடுவதால் லென்ஸ் குளிர்ந்தே கிடக்கும், ஆவி விலக நேரமாகும். புது வண்டி வாங்கியவர்கள் பதறுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

காய வைப்பதா, சிலிக்கா ஜெல் போடுவதா?

ஆவி மட்டும்தான் என்றால் காற்றுத் துளையில் சேறோ பூச்சிக் கூடோ அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் விளக்கைக் கழற்றி, பல்பு ஹோல்டர்களை எடுத்துவிட்டு, வெயிலில் வையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், சற்று எட்டப் பிடித்துக் காட்டலாம். ஹீட் கன் வேண்டவே வேண்டாம். டெயில் லைட் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக், பின்கூடு பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். 100 டிகிரியை ஒட்டி இரண்டுமே இளகத் தொடங்கும். ஹீட் கன்னோ பல நூறு டிகிரி சூட்டைக் கக்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு மூடிவிடும் யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் பிடித்தாலே அதிகம். காற்றுத் துளை வழியாகத் தினமும் புது ஈரம் வரும் இடத்தில் பொட்டலம் சீக்கிரமே நிரம்பி, வெறும் குப்பையாகக் கிடக்கும். சூடான பல்பின் மேல் சாய்ந்தால் உறை கருகவும் கூடும். ராத்திரி முழுக்க உள்ளே வைத்து, காலையில் வெளியே எடுத்துவிட வேண்டும். காய வைப்பதற்கு அது துணை, அவ்வளவுதான்.

ஓட்டையா, சிலிக்கானா?

தண்ணீர் தேங்குகிறது என்றால் போட்டி இந்த இரண்டுக்கும்தான். அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் தண்ணீர் அப்போதே வடிந்துவிடும். கைமேல் பலன், அதனால்தான் இத்தனை பேருக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் தண்ணீர் வந்த வழி அப்படியே இருக்கும். சக்கரம் வாரியடிக்கும் தூசியும் சேறும் உள்ளே போக இன்னொரு வாசலும் கிடைத்துவிடும். உள்ளே பளபளக்கும் அலுமினியப் பூச்சு மங்கத் தொடங்கினால் அதை மீட்க முடியாது. எல்இடி விளக்கில் துளையிடும்போது டிரில் பிட் சர்க்யூட் பலகையில் பட்டால் கதை முடிந்தது. எப்படியும் மாற்றப்போகிற விளக்கு, புதியது வரும்வரை ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் இதற்குச் சரி என்பேன்.

சிலிக்கான் நல்ல வழிதான், கசிவு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு. விளக்கைக் கழற்றி, ஹோல்டர்களை அப்படியே மாட்டி வைத்து, ஒரு காற்றுத் துளையைத் தவிர மற்றதை டேப்பால் அடையுங்கள். இணைப்பு முழுக்க சோப்பு நீர் தடவி, மிச்சமிருக்கும் துளையில் வாயால் மெதுவாக ஊதுங்கள். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும், அங்கே மட்டும் பூசினால் போதும். காற்றுத் துளைகளைத் தொடாதீர்கள், சோதனைக்கு ஒட்டிய டேப்பையும் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

ட்யூப் வாங்கும்போதும் கவனம் வேண்டும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பல்பு தொடும் உலோகத் தகடுகளை அது அரிக்கும். அமிலம் விடாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசும் முன் ஸ்பிரிட்டால் துடைப்பதும் வேண்டாம், அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழலாம். சோப்பு நீரில் கழுவிக் காய வைத்தாலே போதும். சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி லென்ஸின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் பல்பு ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றி, அதிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் மீளாமல், தட்டையாகப் பளபளவென்று இருந்தால் அது செத்துப்போன வளையம். டிக்கி மூலையில் விரிப்பு ஈரமாக இருந்தால் விளக்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள நுரை கேஸ்கெட்டும் போயிருக்கலாம். அங்கே நுழையும் தண்ணீர் விளக்கின் முதுகில் வழிந்து ஹோல்டர் வழியாக உள்ளே இறங்கும். இங்கே கோளாறு இருக்கும்போது லென்ஸ் விளிம்பில் எத்தனை ட்யூப் பூசினாலும் வீண். நான் எப்போதும் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு ரப்பரையும்தான்.

பிரிப்பதா, மாற்றுவதா?

ஹெட்லைட்டைச் சூடுகாட்டிப் பிரித்து மறுபடி ஒட்டும் வீடியோக்களைப் பார்த்து, டெயில் லைட்டையும் அப்படிச் செய்யக் கிளம்புகிறார்கள். சூட்டில் இளகும் பியூட்டைல் பசையால் ஒட்டிய ஹெட்லைட்டுகள் நிறைய உண்டு, அதனால் அங்கே அது நடக்கும். டெயில் லைட்டில் லென்ஸும் கூடும் பெரும்பாலும் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒன்றாக உருகிப் பிணைந்தவை. சூடு ஏற்றினால் பிரியாது, கோணும். இணைப்பில் கறுப்புப் பசை தெரியாமல், பிதுங்கி உறைந்த பிளாஸ்டிக் வரம்பு தெரிந்தால் அது வெல்டிங்தான். அறுத்துத்தான் திறக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன, வேறெங்கும் கிடைக்காத விளக்குக்கு மட்டுமே அந்தப் பாடு தகும்.

லென்ஸில் நீளமான விரிசல், உள்ளே பச்சை பூத்த தகடுகள், பாதி எரியாத எல்இடி வரிசை என்று வந்துவிட்டால் மாற்றுவதே மலிவு. பழைய விளக்கு வாங்குவதானால் உள்ளே பழைய நீர்மட்டக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எதை மாட்டினாலும் நுரை கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும், நட்டை மிதமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் போல்ட்டின் அடியில் பிளாஸ்டிக் வெடித்து, அடுத்த கசிவு அங்கிருந்தே தொடங்கும். டிக்கி உள்விரிப்பை மூடும் முன் சாதாரண ஹோஸால் சில நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிரஷர் வாஷரை விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள், நல்ல கேஸ்கெட்டையும் அது தாண்டிவிடும்.