ஐ2பி: மூன்று வருஷமாக அந்தப் பதினொரு நிமிடம்

லேப்டாப்புக்குப் புது டிஸ்க் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நண்பன் கேட்டான்: "மூணு வருஷமா ஐ2பி ஓட்டுறியே, நானும் போடலாமா?" (யார் எங்கே போகிறார் என்று தெரியாதபடி, டிராஃபிக்கைப் பலருடைய கணினிகள் வழியே சுற்றிவிடும் நெட்வொர்க்தான் ஐ2பி.) கேட்க வேறு நாள் கிடைக்கவில்லை அவனுக்கு. எந்தப் பியர் (நெட்வொர்க்கில் உள்ள மற்றவர் கணினி) வேகம், எது சொதப்பும் என்று ரவுட்டர், அதாவது லேப்டாப்பில் ஓடும் ஐ2பி மென்பொருள், சேர்த்து வைத்திருந்த கணக்கெல்லாம் பழைய டிஸ்க்கோடு போயிருந்தது. ஒருவரையும் தெரியாத ஊருக்குக் குடிபோன மாதிரிதான். சாயங்காலம் வரை பாதித் தளங்கள் திறக்கவில்லை.

சரி, அது ஒருநாள் கூத்து. தினமும் கடுப்பேற்றுவது ரவுட்டரை அணைப்பது. முறையாக நிறுத்தினால் 11 நிமிடம் வரை காக்க வைக்கும். இதே மாதிரி இன்னொரு மறைவு நெட்வொர்க்கான டாரில் சும்மா உலாவுகிறவர் அடுத்தவர் டிராஃபிக்கைச் சுமப்பதில்லை; இங்கே வழக்கமாக எல்லாருமே சுமை தூக்கிகள். யார் யாருடைய டனலோ (டிராஃபிக் போகும் தற்காலிகப் பாதை) என் லேப்டாப் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 10 நிமிடம். பட்டென்று அணைத்தால் பாதியில் அறுந்துவிடும்.

இந்த எரிச்சலில் காரணம் தேடப் போய்த்தான் விஷயமே புரிந்தது. போவதற்கு ஒரு டனல், வருவதற்கு வேறொன்று. எதிர்முனைக்கும் அப்படியே. டனலுக்கு மூன்று ரவுட்டர் என்ற வழக்கமான அமைப்பில், ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் 12 கை மாறுகிறது. ஒவ்வொரு கைக்கும் தெரிவது முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும்தான். ஊரார் பொட்டலங்களும் என் வழியே போவதால், அதில் என்னுடையது எது என்று பிரிப்பதும் சிரமம். (பல செய்திகளைப் பல் பல்லாக ஒரே உறைக்குள் அடைப்பதால் இதற்குப் பூண்டு என்றே பெயர். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) வேகம்? 12 கை மாறினால் எப்படி இருக்குமோ அப்படி.

"அப்போ என் ஐபி யாருக்கும் தெரியாதுல்ல?" என்றான். தெரியும்! ரவுட்டரின் ஐபி, அதாவது இணைய முகவரி, பொதுவாக நெட்வொர்க்கின் பட்டியலிலேயே கிடக்கும். நீ உள்ளே இருப்பது மறையாது. உள்ளே எங்கே போகிறாய், எதை நடத்துகிறாய் என்பதுதான் மறையும். அங்கேயும் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கினால் 12 கையும் வீண்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உனக்குப் பொறுமை கிடையாது, போடாதே என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்று ராத்திரி தூங்கப் போகும்முன் நிறுத்து என்று அழுத்தினேன். இன்னும் ஏழு நிமிடம் என்றது. மூடிவிட்டுப் போயிருக்கலாம். யாருடைய டனலோ, தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.