இங்கிலாந்து சிறப்புப் பள்ளி உதவியாளர் வேலை: ஏஜென்சியா, நேரடி நியமனமா?

கோபமும் பதற்றமும் கைமீறும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் இந்த வேலைக்கு இரண்டு வழி.

சம்பளம்: ஏஜென்சியில் பொதுவாக நாள் கணக்கு, ஒரே பள்ளியில் அதே வேலையில் 12 வாரம் முடிந்தால்தான் பள்ளி ஊழியருக்கு இணையான சம்பளம். நேரடி நியமனத்தில் பள்ளி வாரங்களுக்கே சம்பளம் என்றாலும், பெரும்பாலும் 12 மாதத்துக்கும் பிரித்துத் தருவார்கள்.

நுழைவு: ஏஜென்சி சீக்கிரம் எடுக்கும். குற்றப் பின்னணிச் சோதனை இரண்டுக்கும் உண்டு.

பிள்ளையோடு பழக்கம்: எனக்கு இதுதான் முக்கியம். மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் பையன், நேற்று வந்தவர் கூப்பிட்டால் வெளியே வர மாட்டான். பல வாரம் பக்கத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஆளிடம்தான் வருவான்.

வேலை ஒத்துவருமா என்று பார்க்க ஏஜென்சி சரி. ஒத்துவந்தால், அப்புறம் தயங்காமல் பள்ளிக்கே விண்ணப்பியுங்கள்.