தெரு நாய்க்கு வெறும் ரேபிஸ் ஊசியா, இல்ல கருத்தடையும் சேர்த்தா?

பெரம்பூர்ல எங்க தெரு க்ரூப்ல இதே சண்டைதான் ஓடுது. வேகம்னு பாத்தா ஊசிதான், பழகின நாயா இருந்தா ஒருத்தர் புடிச்சிக்க இன்னொருத்தர் போட்டுட்டு போயிடலாம், 70 சதவீதம் நாய்ங்களுக்கு போட்டாலே ரேபிஸ் பரவுறது அடங்கிடும்னு சொல்றாங்க. ஆனா பூஸ்டர் போட்டுட்டே இருக்கணும், அதுக்குள்ள ஊசி போடாத குட்டிங்க வேற பொறந்துடும்.

ஆபரேஷன் மெதுவு, செலவும் ஜாஸ்தி, தையல் ஆறுற வரைக்கும் ஷெல்டர்ல வெச்சுக்கணும். ஆனா பலன் நெறைய. இணை சேரும்போது தொத்துற டி.வி.டி. (TVT) புற்றுக்கட்டி, அதாங்க பின்பக்கம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கி ரத்தம் சொட்டுமே, அது பரவுறது குறையும், வந்துட்டா வாராவாரம் வின்கிறிஸ்டின்ங்கற புற்றுநோய் மருந்து ஏத்தணும், தெரு நாய வாராவாரம் யாரு புடிக்கிறது சொல்லுங்க? பெட்டைக்கு கர்ப்பப்பைல சீழ் கட்டுற தொல்லையும் இல்ல. 2023 ஏபிசி ரூல்ஸ், அதாவது தெரு நாய் கருத்தடைக்கான மத்திய அரசு விதிப்படி, ஆபரேஷனோட ரேபிஸ் ஊசியும் போட்டு புடிச்ச எடத்துலயே விட்டுடணும்.

டிஸ்டம்பர், பார்வோன்னு நாய்க்கு வர்ற வைரஸ் நோய்ங்களுக்கு ரெண்டுமே உதவாது, அதுக்கு தனி ஊசி.

என் ஓட்டு ஆபரேஷனுக்குதான். நாய் புடிக்கிற வண்டி வர லேட்டாகும்னா மொதல்ல ஊசிய போட்டுடுங்க, அப்புறம் ஆபரேஷன் ஆச்சுன்னு காட்டுற வெட்டு காதுல இருக்கேன்னு பூஸ்டர விட்டுடாதீங்க.