டிரில் பிட் தீட்ட எது நல்லது: பெஞ்ச் கிரைண்டரா, சின்ன மெஷினா?

திருகோணமலையில் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு பிட் மழுங்குவது போதாதென்று, உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும். தீட்ட இரண்டு வழி உண்டு.

பிட் தீட்டுவதற்கென்றே வரும் சின்ன மெஷினில் பிட்டைச் செருகித் திருப்பினால் போதும், 118 பாகை முனை தானாக அமையும். ஆனால் மிக மெல்லியதும் தடித்ததும் அதில் பொருந்தாது. மலிவானவற்றில் கோணத்தையும் மாற்ற முடியாது.

பெஞ்ச் கிரைண்டர் என்பது மேசையில் பொருத்தும், தீட்டுக்கல் சுழலும் மெஷின். அதில் எல்லாம் கைப்பழக்கம்தான். இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்று நீண்டால் துளை பெரிதாகிவிடும். விளிம்புக்குப் பின்னால் 8 முதல் 12 பாகை சரிவு விடாவிட்டால் பிட் வெட்டாது, சும்மா தேய்ந்து சூடேறும். கை பழகிவிட்டால், படகுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துளைக்க 135 பாகையிலும் தீட்டலாம். உளியையும் அதிலேயே தீட்டலாம், அது தனி லாபம். ஹைஸ்பீட் ஸ்டீல் எனும் வழக்கமான பிட் உருக்குக்குச் சாம்பல் நிறக் கல் சரி. அதைவிடக் கடினமான கார்பைடு பிட் என்றால் பச்சை நிறக் கல். அலுமினியத்தை மட்டும் வைக்காதீர்கள், கல் அடைத்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையுறை கூடவே கூடாது.

என் தெரிவு கிரைண்டர்தான். 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிட் என்றால், எதிலும் மினக்கெடாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.