சேலம் அஸ்தம்பட்டி கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து பிரிண்டரைச் சரிசெய்தார்கள்

கரண்ட் போய் வந்தாலே எங்கள் வீட்டு வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும், வேறொரு கடையில் பிரிண்டர் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்றணும் என்றார்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்துக் கடையிலிருந்து வந்த தம்பி பிரிண்டரைத் திறக்கவே இல்லை. அதன் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்து, அதிலிருந்த ஐபி எண்ணையும் (வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் முகவரி) கம்ப்யூட்டரில் போர்ட் பகுதியில் (பிரிண்டரை எந்த எண்ணில் தேடுவது என்று குறித்திருக்கும் இடம்) இருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: ஒன்று 12 என்று முடிகிறது, மற்றது 7. ரௌட்டர் அணைந்து எழும்போது பிரிண்டருக்குப் புது எண் கொடுத்துவிடுகிறது, கம்ப்யூட்டர் பழைய எண்ணையே தேடுகிறது, அவ்வளவுதான் கோளாறு! ரௌட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி, ஸ்பூலரை (அச்சடிக்க வேண்டியவற்றை வரிசையில் வைக்கும் கம்ப்யூட்டர் நிரல்) நிறுத்தித் தேங்கிக் கிடந்ததையெல்லாம் காலிசெய்து, அப்புறம் மாடியில் அக்கா லேப்டாப்பிலும் அச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். காலையில் வருவதாகச் சொல்லி மாலையில் வந்தார்கள், அது ஒன்றுதான் குறை.