லாரியிலா, வீட்டிலா: நெடுந்தூரம் கிளம்பும் புது டிரைவரின் நாய் எங்கே இருக்க வேண்டும்?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து முதல் நெடுந்தூர நடை உறுதியானதும், நாய் வளர்ப்பவருக்கு வரும் முதல் கவலை அதை என்ன செய்வது என்பதுதான். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்திலிருந்து வண்டி ஏறுபவருக்கு மூன்று வழிகள் உண்டு. வீட்டாரிடம் விட்டுப் போகலாம். எல்லா நடைக்கும் கேபினில் ஏற்றிக்கொள்ளலாம். மதுரை, தூத்துக்குடி மாதிரி கிட்டத்து நடைக்கு மட்டும் கூட்டிப் போகலாம். நாய்க் காப்பகம் என்று நான்காவது வழி இருந்தாலும், லோடு இறங்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத தொழிலில் நாள் வாடகை கட்டுப்படியாகாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் ஆறு மாதம் நாய் வீட்டில் இருக்கட்டும். அதன் பிறகு கிட்டத்து நடை. அதில் தேறிய நாயை மட்டும் தூர நடைக்கு ஏற்றுங்கள். ஏர் பிரேக், ரிவர்ஸ், லோடு கட்டு, தூக்கம் என எல்லாமே புதிதாக இருக்கும் நாட்களில், பின்னால் ஒரு உயிர் வாந்தி எடுத்தால் கண் சாலையை விட்டுப் போய்விடும்.

எந்தச் சரக்கு ஏற்றுகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். மீன் வண்டிக்கு நாய் ஆகவே ஆகாது. உணவுச் சரக்கு என்பதால் கம்பெனிக்குள்ளும் குளிர்பதனக் கிடங்குக்குள்ளும் விடமாட்டார்கள். ஐஸ் கரைவதற்குள் சந்தை சேர வேண்டிய வண்டியை, நாய் இறங்க வேண்டும் என்று நடுவழியில் நிறுத்தவும் முடியாது. வாலிநோக்கம் பக்கத்து உப்பு லோடு என்றால் நேரம் கொஞ்சம் தாராளம். ஆனால் உப்பளத்தில் நடந்த நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். உப்பு உள்ளே போய் தாகமும் வாந்தியும் வரும். நல்ல தண்ணீரில் நான்கு பாதங்களையும் விரலிடுக்கு வரை கழுவித் துடைத்த பிறகே கேபினில் ஏற்ற வேண்டும். கருவேலங்கரி மூட்டை லோடு வெளிமாநிலம் போகும் நீண்ட நடை. கரித்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும் என்பதால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நாய் தள்ளியே இருக்கட்டும். துறைமுகத்துக்கோ பெரிய ஆலைக்கோ போகும் லோடு என்றால், கேட்டில் நாயை உள்ளே விடுவார்கள் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

அடுத்த கேள்விதான் உயிர்நிலை: நீங்கள் இறங்கிப் போகும்போது நாயுடன் யார் இருப்பார்? கிளீனர் உள்ள வண்டியில் ஒருவர் பில் வாங்கப் போனால் இன்னொருவர் நாயைப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றை ஆளாக ஓட்டுபவருக்கு அந்த வழியில்லை. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடி நிறுத்திய கேபின் அரை மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டும். கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறையாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்தான். ஆனால் இன்ஜினை அணைத்தால் குளிர்ச்சியும் போச்சு. நாய்க்கு வியர்வை நம்மைப் போல வழியாது. மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். கேபின் காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. அது 41ஐ நெருங்கினால் ஆபத்து. விடாத இரைப்பு, பிசின் மாதிரி எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம் இவையே அடையாளம். உடனே நிழலில் படுக்க வைத்து, சாதாரணத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, காற்று வீசச் செய்யுங்கள். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். தானாக நக்கினால் போதும். எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

ஆக, ஒற்றை டிரைவர், கோடை, ஏசி இல்லாத கேபின் மூன்றும் சேர்ந்தால் வீடே நல்லது.

கூட்டிப் போவதென்று முடிவானால், கேபினில் அதன் இடம் பின்னாலுள்ள படுக்கைப் பலகைதான். பழைய வண்டிகளில் இரண்டு இருக்கைக்கும் நடுவே இருக்கும் பானட் மேல் படுக்க விடாதீர்கள். இன்ஜின் சூட்டில் வயிறு வெந்துபோகும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டவே கூடாது. கண்ணாடி வழியாகத் தாவிய நாய் கதவுக்கு வெளியே தொங்கிச் சாவது இப்படித்தான். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டையில், பலகையின் சட்டத்தோடு சேர்த்து, எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் கயிறு விடுங்கள். கட்டிய பிறகு கயிறு முழு நீளத்துக்கு இழுபடும்வரை நாயை முன்னால் கூப்பிட்டுப் பாருங்கள். மூக்கு கியர் கம்பியைத் தொட்டால் கயிறு நீளம். பிரேக் மிதிக்குக் கீழே ஒரு கால் போனாலே வண்டி நிற்காது. ஓட்டுநருக்கு இடைஞ்சலாக யாரையும் எதையும் வைக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் சொல்கிறது.

15 கிலோ நாய்க்கு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், கோடையில் ஒன்றரைக்கு மேல். 5 லிட்டர் கேன் ஒன்று அதற்கென்றே இருக்கட்டும். கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே தீனியை முடித்துவிட்டால் வாந்தி குறையும். வயிறு நிறையச் சாப்பாடு இரவில், வண்டியை ஓரம் கட்டிய பிறகு. சோற்றோடு அவித்த முட்டையோ எலும்பில்லாத கோழியோ போதும். தாபா குழம்பில் வெங்காயம் இருக்கும், அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாய்க்குக் காய்ச்சல் என்று உங்கள் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுக்காதீர்கள்.

எந்த நாய் என்பதிலும் ஒப்பிட நிறைய இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. ரோட்டோரம் ஆடோ முயலோ கண்ணில் பட்டால் கையிலிருக்கும் கயிற்றை உருவிக்கொண்டு நாலு வழிச்சாலையைக் கடக்கும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. ஹாரன் கேட்காத நாய் லாரிப்பேட்டையில் பிழைக்காது. சப்பை மூக்கு பக் வகைக்குச் சூடு தாங்காது. இரண்டு வயது கடந்த, கருத்தடை செய்த, 12 முதல் 18 கிலோ நாட்டுப் பெண் நாயே லாரிக்குப் பொருத்தம். குட்டியை ஏற்றாதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டி லாரிப்பேட்டை மண்ணை முகர்ந்தாலே பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றிவிடும். பூனை, கதவு திறந்த ஊரில் காணாமல் போகும். கிளி வேண்டவே வேண்டாம்; நாட்டுக்கிளியை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் விடுவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நம் கரையில் அது வலை காயும் இடத்தில்தான் இருக்கிறது. வலையிலிருந்து கழித்துப் போட்ட, விஷமுள்ள பேத்தை மீனைத் தின்ற நாய்க்கு எச்சில் வழியும், வாந்தி வரும், கால்கள் தளர்ந்து மூச்சு நிற்கும். அந்த விஷம் காய்ந்தாலும் வெந்தாலும் போகாது, அதற்கு முறிமருந்தும் இல்லை. இரை மாட்டிய தூண்டில் முள்ளை விழுங்கிய நாயின் வாயில் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கினால் இழுக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் காலையும் மாலையும் கயிற்றோடு அழைத்துப் போக வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மற்ற நேரம் முற்றத்திலேயே இருக்கட்டும். முதல் நடைக்கு முன், நாலு நாள் அவர் கையால் தீனி வைத்துப் பழக்கிவிட்டால் பட்டினி கிடக்காது.

கிட்டத்து நடை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். விடியலில் ஏறி, வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். இப்படி ஐந்தாறு நடையில் வாந்தி நின்று, ஏர் பிரேக் சீறலுக்கு அதிராமல், புது இடத்தில் கயிற்றோடு சிறுநீர் கழித்து, தாபா நாய்கள் குரைத்தும் உங்கள் காலடியிலேயே நின்றால், அது தேறிவிட்டது. ஆறாவது நடையிலும் எச்சில் ஒழுக நடுங்கினால் அதன் பதில் அதுதான். கட்டாயப்படுத்துவது கொடுமை.

தூர நடைக்கு முன் வெறிநோய்த் தடுப்பூசியைப் பாருங்கள். முதல் ஊசி மூன்று மாத வயதில், பிறகு ஆண்டுதோறும். முதன்முறை போட்ட நாயை ஒரு மாதம் கழித்தே ஏற்றுங்கள். 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள், பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்றைக் கேட்கின்றன. அதையும் ஊசி அட்டையையும் வண்டி ஆர்சியோடு ஒரே உறையில் வையுங்கள். பெங்களூரு வழி போகிறவர்களுக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெங்களூரில் ஹெப்பாளில் இருக்கிறது, சென்னைக்கு வேப்பேரி. இந்த இடங்களைக் கிளம்பும் முன்பே போனில் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் எண்ணோடு வீட்டு எண்ணும் பொறித்த தகடு ஒன்று தொங்கட்டும். வேற்றூரில் தொலைந்த நாயைக் கண்டவர் கூப்பிடும் நேரத்தில், நீங்கள் சிக்னல் இல்லாத மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.