பாட்டில் கேஜ்: அலுமினியமா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?

சைக்கிள் கடையில போயி "அண்ணே, பாட்டில் ஸ்டாண்டு ஒண்ணு குடுங்க"ன்னு (பிரேம்ல தண்ணி பாட்டில மாட்டி வைக்கிறது, கேஜுன்னும் சொல்லுவாங்க) கேட்டா பெரும்பாலும் அலுமினியத்தத்தான் எடுத்து நீட்டுவாங்க. நானும் அப்படித்தான் வாங்குனேன், ஒன்றரை வருசம் நல்லாத்தான் ஓடுச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை அழகர்கோயில் போயிட்டுத் திரும்புறப்ப அப்பன்திருப்பதி பக்கம் ஒரு வேகத்தடையில டங்குன்னு சத்தம், திரும்பிப் பாக்குறதுக்குள்ள பாட்டில் உருண்டு பின்னாடி வந்த பஸ்ஸுக்கு அடியில போயி சப்பளிஞ்சுருச்சு.

வீட்டுல கழட்டிப் பாத்தேன். போல்ட் மாட்டுற தகட்டுல கம்பி வந்து சேர்ற எடத்துல ஒடஞ்சிருந்துச்சு. ஒடஞ்ச வாயில பாதி கறுப்பா அழுக்கேறிக் கெடக்கு, பாதிதான் புதுசா மின்னுது, அப்ப அது அன்னைக்கி ஒடஞ்சதில்ல, பல மாசமா கொஞ்சங்கொஞ்சமா விட்டுக்கிட்டே வந்திருக்கு.

அலுமினியத்தோட கொணமே அதான். 750 மில்லி பாட்டில ரொப்புனா முக்கால் கிலோவுக்கு மேல கனம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்பிய ஆட்டும், ஆட்டம் சின்னதா இருந்தாலும் அலுமினியம் ஒண்ணு விடாம கணக்கு வச்சுக்கும். வெல்டு வைக்கலாம்னு பட்டறைக்குக் கொண்டு போனா, "தம்பி, இதுக்கு ஆர்கான் வெல்டிங் வேணும், அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாம்"னுட்டாரு. போதாக்குறைக்கு பாட்டில் பூராம் கரியப் பூசுன மாதிரி ஆக்கிவிடும்.

பிளாஸ்டிக்க எளக்காரமா நெனைக்காதீங்க. நைலான்ல கண்ணாடி இழை கலந்து செய்யிற கேஜு வளைஞ்சு குடுக்கும், சத்தம் போடாது, பாட்டிலையும் கெடுக்காது. மலிவு சரக்குதான் ஆகாது, நம்மூரு சித்திரை வெயில்ல நிறுத்தி நிறுத்தி எடுத்தா வெளுத்துப்போயி ஒருநாள் பட்டுன்னு விட்டுரும்.

ஒழைப்புதான் முக்கியம்னா என் ஓட்டு எவர்சில்வர் கம்பிக்குத்தான். சின்னச்சின்ன ஆட்டத்தையெல்லாம் எவர்சில்வர் கண்டுக்கிறதே இல்ல, பிடி லூசாச்சுன்னா கையால அமுக்கிவிட்டாப் போதும், பழையபடி கவ்விக்கும். அமெரிக்காவுல கிங் கேஜ்னு ஒண்ணு செய்யிறாங்க, 48 கிராம்தான், ஆனா வரவழைக்கிற செலவு கட்டுபடியாகாது, இங்க கெடைக்கிறது கொஞ்சம் கனம், இருந்துட்டுப் போகட்டும். எவர்சில்வர் பாட்டில வச்சா மட்டும் கலகலன்னு ஆடும், பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி கம்பியில சுத்துனா அடங்கிரும். கார்பன் கேஜு, ரேஸ் ஓட்டுறவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு.

பிரேம்ல கேஜு மாட்டுற ரெண்டு ஓட்டைக்கும் 64 மில்லிமீட்டர் எடவெளி, எம்5 (5 மில்லிமீட்டர்) போல்ட், அனேகமா எல்லாத்துக்கும் இதே அளவுங்கிறதால எந்தக் கேஜ வாங்குனாலும் பொருந்தும். ஒண்ணு, பாட்டிலோட குறுக்களவு கொறைஞ்சது 73, 74 மில்லிமீட்டர் இருக்கணும். ஒல்லியான பாட்டில் இந்த மாதிரி கேஜுல சரியா நிக்காது. போல்ட்டுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைங்க, இல்லாட்டி வேர்வையும் உப்பும் எறங்கி பிரேமோட இறுகிக்கிரும். லூசா வுட்டா எவர்சில்வரும் ஒடையும், மாசம் ஒருக்க 4 நம்பர் ஆலன் கீயப் போட்டுப் பாத்துக்கங்க, முறுக்கித் தள்ளிராதீங்க, பிரேமுக்குள்ள இருக்குற மரை சுத்திக்கிட்டா அது கேஜ விடப் பெரிய செலவு.